வெள்ளைக்காரர் வரையாத பேச்சி

நான் ஒரு வடிகட்டின முட்டாள். இதை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். மற்றதைச் சொல்லத் தெம்பு வரும். செத்துப்போன ஓர் ஓவியரின் மலையை ஈரத்துணியால் துடைத்தெடுத்தவன் நான்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் நாற்பது வருடம் சிரித்தே மறைத்தேன்...

போடியில் போர்டு எழுதுவது என் தொழில். ஏலக்காய்க் கடைப் பலகை, ஜீப்பின் முதுகு, கல்யாண மண்டபத்து யானை எல்லாம் என் கைவண்ணம். யானையைப் பார்த்து ஒருவர், "பன்னி நல்லா வந்திருக்கு" என்றார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வாலிப வயதில் மலைமேல் ஓர் ஏலத்தோட்ட எஸ்டேட் பங்களாவின் ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனேன். காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறுவோம். வளைவுக்கு வளைவு குளிர் கூடும். எஸ்டேட் ஸ்டோரில் ஏலக்காய் உலரும் வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். அந்தச் சட்டையைத் துவைக்கவே மனம் வராது!

பங்களாக் கூடத்தில் அந்தப் படம் தொங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு வெள்ளைக்கார ஓவியர் வரைந்தது. கடிகாரம் பழுது பார்ப்பவரின் மகனாம். அவருடைய ஊரில் அவர் படங்களை ஒருவரும் சீண்டவில்லை. கப்பலேறி வந்து, பொதி கழுதைகளோடு இந்த மலைக்கு நடந்திருக்கிறார். ஏழு மழைக்காலம் இந்தச் சரிவுகளையே வரைந்தார். காய்ச்சலில் இங்கேயே கண்ணை மூடினார். எல்லாப் படமும் செல்லரித்துப் போக, மிஞ்சியது இது ஒன்றுதான்.

மூடுபனிக்கு அவர் வண்ணமே தீட்டவில்லை. காகிதத்தை வெறுமனே விட்டிருந்தார். அந்த வெறுமைக்குள் மலை மூச்சு விட்டது... நான் வாய் பிளந்து நின்றேன்.

நின்றதோடு போயிருக்கலாமே! கண்ணாடியில் பூஞ்சை என்று சட்டத்தைக் கழற்றினேன். காகிதத்திலும் தூசு தெரிந்தது. எனக்குத் தெரிந்த பெயிண்ட் எனாமல் ஒன்றுதான். அது நீர் பட்டால் பளபளக்கும்; இதுவோ நீரில் கரையும் வண்ணம் என்று எனக்குத் தெரியாது. ஈரத்துணியை எடுத்து ஒரே இழுப்பு...

வலது கீழ்மூலைச் சரிவு முழுதும் துணிக்கு வந்துவிட்டது!

பள்ளிப் பிள்ளைகளின் கலர் டப்பா ஒன்றை மறுநாள் வாங்கிப்போய் நானே வரைந்து நிரப்பினேன். நாலு ஏலச்செடி போட்டேன். அப்போதும் இடம் மிஞ்சியது. கூடையோடு ஒரு பெண்ணை நிறுத்தினேன். சிலமலையிலிருந்து காய் எடுக்க வரும் பேச்சியின் முகம் தானாக வந்து உட்கார்ந்தது. அவளிடம் என் மனதைச் சொல்ல வாய் திறந்த அன்று, "என்னண்ணே?" என்று கேட்டாள். கதை அங்கேயே முடிந்தது.

போன வருடம் ஓர் ஆய்வாளர் அம்மா பங்களாவுக்கு வந்தார்; ஓவியர் ஊரிலிருந்த தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களைத் தேடிப் படித்தவர். ஒவ்வொன்றும், 'மழை விட்டதும் வந்துவிடுவேன்' என்று முடிந்ததாம். சாவதற்கு முந்தைய இரண்டு மழைக்காலமும் கடிதமே இல்லை. ஏன் நின்றது? அந்த அம்மா படத்தைக் காட்டினார். அந்த மலைப் பெண்தான் காரணமாம்!

"இவ்வளவு உயிரோட்டமான முகம்! படத்துலயே சிறந்த பகுதி இதுதான்" என்றும் சொன்னார்.

நான் கூடத்தில்தான் இருந்தேன். படத்தின் கீழே மாட்டப் பலகை எழுத என்னையே கூப்பிட்டிருந்தார்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? பயமா? இல்லை... யானை பன்னியான நாளிலிருந்து யாராவது என்னைப் பாராட்ட மாட்டார்களா என்று காத்துக் கிடந்தவன் ஐயா நான்! 'ஓவியரும் அவர் நேசித்த மலைப் பெண்ணும்' என்று என் கையாலேயே எழுதினேன். எழுத்துப் பிழைகூட இல்லை.

ஓவியரின் வம்சத்துப் பெண்ணொருத்தி கடல் கடந்து பார்க்க வந்தாள். வெகுநேரம் நின்றாள். "அவர் வீடு திரும்பாதது இதனால்தானா?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

நேற்று ஜீப் நிற்குமிடத்தில் பேச்சியைப் பார்த்தேன். தலை நரைத்தும் காய் எடுக்கப் போகிறாள். ஒரு விஷயம் சொல்லணும் என்று நிறுத்தினேன்.

"வெரசாச் சொல்லுண்ணே, சோலி கெடக்கு."

படத்தில் இருப்பது அவள்தான் என்றேன்.

"பங்களாவக் கூட்டுறப்பவே பாத்தேன். காய உச்சியில கொத்துக் கொத்தாத் தொங்க விட்டிருந்தியே! ஏலம் தரையோடதான காய்க்கும்? செடிய ஏறெடுத்துப் பாக்காத போர்டுக்காரன் சோலின்னு அப்பவே சிரிச்சேன்."

நானும் சிரித்தேன். சிரித்தபடியே பலகையைப் பற்றியும், அழுத பெண்ணைப் பற்றியும் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. கூடையை உள்ளே தள்ளி ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

"என் மூஞ்சிய வச்சு அந்த மனுசன் பேரக் கெடுத்துட்டியேண்ணே."