இன்னொரு பிடி பவுடர்

சிட்லபாக்கத்தில் காலரா பரவிய வருடம், எந்தச் சாவு வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கு முன்பே எங்கள் பகுதி ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்துவிடுவார். கையில் பிளீச்சிங் பவுடர் வாளி. வாசலில் பவுடரால் தடித்த கோடு போட்டு, "அழறவங்க அந்தாண்ட நின்னு அழுங்க" என்பார்.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் காலராவில் போனார். அவரோடு சண்டை போடாதவர் தெருவில் இல்லை. ஒப்புக்குத்தான் போய் நின்றோம். பவுடர் நெடியில் அத்தனை பேருக்கும் கண்ணீர் கொட்டியது.

"அவருக்காக இவ்ளோ பேர் அழுவாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல சார்" என்று அவர் மனைவி இன்ஸ்பெக்டரிடம் விம்மினார்.

"இல்லம்மா, இந்தப் பவுடர்..." என்று ஆரம்பித்தேன்.

"கம்முனு இருங்க சார்!" என்று என்னை அதட்டிய இன்ஸ்பெக்டர், எங்கள் காலடியில் இன்னொரு பிடி அள்ளித் தூவினார்.

அந்தப் பிடி எந்தச் சுகாதார விதியில் இருக்கிறதோ, எனக்கு இன்னும் தெரியவில்லை.