வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது

சென்னையில் நான் சேர்ந்த கல்லூரியில் கலை வரலாறு ஒரு துணைப்பாடம். அறுபதுகளின் தொடக்கம். மகன் வக்கீலுக்குப் படிக்கிறான் என்றே என் அப்பா ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். வகுப்பில் எங்கள் பக்கத்துக்காரன் இன்னொருவனும் இருந்தான். சாத்தூர் பக்கம் அச்சங்குளத்துக்காரன். அவன் அப்பா முன்பு எங்களைப் போன்றவர்களின் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர். பிறகு பட்டாசு ஆபீஸில் மருந்து கலக்கும் வேலைக்குப் போனார். எங்கள் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்.

ஊராக இருந்தால் அவனும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்க முடியாது. சென்னையில் முதல் வாரமே என்னை "ஏலே" என்று கூப்பிட்டான். அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு அந்த நகரம் பிடித்துப்போயிற்று.

ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, பேராசிரியர் ப்ரொஜெக்டரால் சுவரில் படங்களை விழச் செய்வார். ஐரோப்பிய ஓவியங்கள், எல்லாம் கறுப்பு வெள்ளையில். "அழகு, அழகில்லை என்பதெல்லாம் விமர்சனம் ஆகாது. கண்ணுக்குத் தெரிவதை முதலில் சொல்லுங்கள். வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது? அது எதைக் காட்டுகிறது?" என்பார்.

ஒருநாள், இறந்துபோன ஒருவரைச் சுற்றி ஆட்களும் ஒரு பெண்ணும் நிற்கும் படம். "சோகமான படம் சார்" என்றேன் நான். வகுப்பு சிரித்தது. அவன் எழுந்தான்.

"செத்தவர் மூஞ்சியில வெளிச்சம் இல்ல சார். அந்தம்மா கையிலதான் விழுது. எல்லாரும் அவரைப் பாக்காக. அந்தம்மா மட்டும் தன் கையைப் பாக்குது. இனிமே இந்தக் கைக்கு என்ன வேலைன்னு கேக்குற மாதிரி இருக்கு."

பேராசிரியர் படத்தை மாற்றாமல் நின்றார். "இதை எழுதிக்கொண்டு வா" என்றார்.

அதன்பிறகு அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் மியூசியத்தில் வெண்கலச் சிலைகளுக்கு முன்னால் கிடப்பான். தெருவில் நடந்தாலும் நின்றுவிடுவான். "ஏலே, அங்கன பாரு, அந்தத் தார்ப்பாய்க்கு அடியில எம்புட்டு நீலம் கெடக்கு!" என்பான். எனக்கு நிழல்தான் தெரியும். அவன் சொன்ன பிறகு நீலமும் தெரியும்.

இரண்டாம் வருடம், தீபாவளி சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் அவனுக்குத் தந்தி வந்தது. ஆபீஸில் மருந்து அறை தீப்பிடித்து, அவன் அப்பா உடம்பு கருகிக் கிடக்கிறார் என்று. அன்று ரயிலேறிப் போனவன் திரும்பவில்லை.

விடுமுறைக்குப் போனபோது அவனைப் பார்க்கக் கிளம்பினேன். பேராசிரியர், வண்ணப் படங்கள் உள்ள ஒரு புத்தகத்தை அவனிடம் கொடுக்கச் சொல்லியிருந்தார். என் அப்பா வாசலில் மறித்தார். "அங்கன உனக்கு என்ன சோலி?" புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

என்னைக் கண்டதும் அவன் வெளியே வந்தான். "வாங்கய்யா" என்றான்.

அவன் அம்மா கயிற்றுக் கட்டிலை முற்றத்தில் இழுத்துப் போட்டு, "உக்காருங்கய்யா, காப்பித்தண்ணி குடிப்பீகளா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் உட்கார்ந்தேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். அப்பா பார்த்த அதே வேலைக்குத்தான் இப்போது போகிறான் என்று அந்த அம்மாள்தான் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"உக்காருலே" என்றேன்.

"அக்கம்பக்கத்துல பாப்பாக. வேணாம்."

புத்தகத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"அதக் கொண்டு போயிருங்க. எனக்கு ஆகாது."

"சார் உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. எப்படியாவது திரும்பி வரச் சொன்னாரு."

அவன் தரையைப் பார்த்தபடி, வீட்டுக்குள் கேட்காத குரலில் பேசினான்.

"அப்பாவ வாழை இலையில போட்டிருந்தாக. உசுரு இருந்துச்சு. தண்ணி கேட்டாரு. ஆத்தா ஓடுது, தங்கச்சி கதறுது. நான் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு, வெளிச்சம் எங்கன விழுதுன்னு பாத்துக்கிட்டு நின்னேன். அவர் தோளுல ஒரு மஞ்சள் இருந்துச்சு. இன்னமும் அது கண்ணுக்குள்ளயே நிக்கி. பெத்தவரு சாகுறப்போ அதத்தான் பாத்தேன். தண்ணி யார் குடுத்தாகன்னு எனக்குத் தெரியாது."

நீட்டிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

"பாக்கக் கத்துக் குடுத்தாக. நிறுத்த யாரும் சொல்லித் தரல."

காப்பி வந்தது. குடித்தேன். புத்தகத்தோடு திரும்பி வந்து பேராசிரியரிடம், அவன் வரமாட்டான் என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. பரீட்சையில் அந்தப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கினேன். பிறகு அதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் கிடைத்தது. சுவரில் படம் விழும் ஒவ்வொரு முறையும் நான் எதைக் கற்றுக்கொடுக்கிறேன் என்ற பயம் வரும். அந்தப் பயம் என்னை நல்ல ஆசிரியனாக்கவில்லை. பிள்ளைகள் "அழகான படம்" என்றால் அப்படியே விட்டுவிடுவேன்.

அவனைக் கடைசியாகச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அறுபதுகள் முடியும் சமயம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு ஆபீஸுக்குப் போகும் வேலையாட்களோடு நின்றிருந்தான். நகக்கண்ணில் மருந்துத் தூள் ஏறியிருந்தது.

"நல்லாருக்கீகளாய்யா?" என்றான். "உங்க பக்கம் மழை உண்டா?"

"கண்மாய் பாதிதான் பெருகியிருக்கு."

"இங்கனயும் பத்தாது" என்றான்.

பஸ் வந்தது. முதலில் பெண்களை ஏறவிட்டு, அவனும் ஏறிக்கொண்டான்.