லிஃப்ட்காரர் பிடித்த வினைச்சொற்கள்

பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில் இருபது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக் அவர். ஓயாமல் ஏறி இறங்குவதால் அங்கே எல்லோருக்கும் 'மேலகீழ அண்ணன்'. மோட்டார், பிரேக், சென்சார் என்று பாகங்களின் பெயர்கள் எல்லாம் அத்துப்படி. அதனால், புதிதாக வந்த இளம் மேனேஜர், "இனிமே ரிப்போர்ட்டை இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க" என்றபோது மனுஷன் அசரவில்லை.

முதல் ரிப்போர்ட் இப்படி இருந்தது: 'லிஃப்ட். போர்த் ப்ளோர். லேடி. டோர். சிசர். பினிஷ்.' அவ்வளவும் இங்கிலீஷ் எழுத்தில்.

'லேடி, சிசர், பினிஷ்' என்று படித்ததும் மேனேஜர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். லிஃப்டை நம்பாமல் படியிலேயே நாலு மாடி ஏறி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் போய் நின்றார். கணக்குப் பிரிவு அம்மா நிதானமாக பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கென்ன சார்? கைப்பை வாரு கதவுல மாட்டிக்கிச்சு. அண்ணன் கத்தரிச்சு விட்டாரு. ஏன், உங்களுக்குத்தான் ஏதோ ஆன மாதிரி இருக்கு!"

மேனேஜர் கீழே வந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "அண்ணே, எல்லாம் பேராவே இருக்கு. யாரு என்ன செஞ்சாங்கன்னு ஒரு வார்த்தை வேணாமா? நான் பாதி செத்துட்டேன்."

வீட்டில் மெக்கானிக் இதைச் சொன்னதும், வக்கீல் அலுவலகத்தில் டைப் அடிக்கும் அவர் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "நாள் முழுக்க வேலை செய்யற மனுஷன், வினைச்சொல்ல மட்டும் விட்டுட்டீங்களே! ஓபன், க்ளோஸ், ஸ்டாப்னு தினமும் பாக்கறீங்கதானே?"

"அதெல்லாம் பட்டனோட பேரும்மா."

"பட்டன்ல எழுதியிருந்தா பேராயிடுமா? கதவு தொறக்குது பாருங்க, அந்தத் தொறக்கறதுதான் ஓபன்."

அவர் வாயைப் பிளந்தார். இருபது வருஷமாக வினைச்சொல்லை விரலால் அழுத்திக்கொண்டிருந்தும் தெரியாமல் போயிற்றே!

அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் பாடம். 'கட்' நேற்றும் இன்றும் ஒரே மாதிரி என்றதும் அவருக்கு அதன்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. 'கோ'வுக்குத்தான் தடுமாறினார்.

"நேத்து போனேன்னா, 'கோடு'தானே?"

"கோடெல்லாம் ஸ்கேல் வச்சுப் போடுங்க. அது 'வென்ட்'."

"அப்ப 'கோ' எங்க போச்சு?"

"அதான் போயிடுச்சே!"

'லிஃப்ட்' பெயராகவும் வரும், வினையாகவும் வரும் என்றபோது மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரே ஆளுக்கு ரெண்டு ட்யூட்டியா? சங்கத்துல சொன்னா சண்டைக்கு வருவாங்க."

இரண்டு மாதத்தில் ரிப்போர்ட்டுகள் ஒழுங்காயின. மேனேஜரும் படியேறுவதை விட்டுவிட்டார்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், மேனேஜர் தன் கையால் எழுதிய அட்டை லிஃப்ட் கதவில் தொங்கியது: 'லிஃப்ட் நாட் வொர்க்கிங்.' மெக்கானிக் அதையே வெகுநேரம் உற்றுப் பார்த்தார். ஏதோ குறைகிறது. மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, 'லிஃப்ட்'டுக்கும் 'நாட்'டுக்கும் நடுவே இடுக்கில் 'இஸ்' என்று எழுதினார்.

பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்தாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணே, அடுத்த அட்டையைத் தொங்கவிடறதுக்கு முன்னாடி உங்ககிட்டக் காட்டிடறேன்."

"தாராளமா காட்டுங்க சார். ஆனா எங்க வீட்டம்மாவுக்கு மத்தியான சாப்பாட்டு நேரத்துலதான் போன் எடுக்க முடியும்."