கூரைவரை சுவர் உள்ள ஓர் அறை

கல்யாணமாகி இரண்டாவது வருஷம், கடற்கரையில் மூன்று நாள் தங்க நாங்கள் ஹோட்டல் தேடினோம். தேடினோம் என்றால் அவர் தேடினார். நான் தோட்டக் கூலிகளின் லயத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட அவசரகாலம் அது. கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தை விட்டு டவுனுக்குப் போவதற்கே பாஸ் வேண்டும். அந்த நேரத்தில் ஒரு லோரி டிரைவரும் கொழுந்து பறிக்கிற அவர் பெண்டாட்டியும் கடல் பார்க்கப் புறப்பட்டதை நினைத்து லயத்தில் பலர் சிரித்தார்கள். ஏன் போகிறோம் என்று நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

அதற்கு முந்தைய வருஷம்தான் மேட்டில் சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் காலி செய்து, ஃபேக்டரிக்குப் பக்கத்தில் எங்களை ஒரே இடத்தில் குடிவைத்திருந்தார்கள். சுற்றிலும் முள்கம்பி வேலி. ஒரே ஒரு கேட். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடுபவர்களுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடுவோம் என்று அரசாங்கத்துக்குச் சந்தேகம். காலையில் கொழுந்துக்குப் போகும்போது ஒரு பொம்பளை போலீஸ் எங்கள் கூடையையும் மடியையும் கொண்டையையும் தடவிப் பார்த்துத்தான் விடுவாள். மாலை ஆறு மணிக்குக் கேட்டை மூடிவிட்டால், தோட்டத்து மேனேஜர் துரையின் கடிதம் இல்லாமல் யாரும் வெளியே போக முடியாது.

எனக்குப் பிரசவ வலி எடுத்தது ஒரு நாள் மாலை ஆறரை மணிக்கு. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு, இது இங்கே முடியாது, தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். என் புருஷன் லோரியைக் கிளப்பி என்னை முன்சீட்டில் படுக்கவைத்துக் கேட்வரை கொண்டுவந்தார். காவலுக்கு நின்றவன் கடிதம் கேட்டான். துரை பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருந்தார். கடிதம் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் லோரி விளக்கின் வெளிச்சத்தில் என் புருஷனின் முதுகு எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. கம்பளிக் குல்லாயைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, குனிந்த தலையோடு நின்றார். ஒரு வார்த்தை சத்தமாகப் பேசவில்லை. டவுனுக்குப் போகும் வழியிலேயே குழந்தை பிறந்தது. பெண். அழவே இல்லை.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவளை எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டார்கள். திரும்பி வந்த பிறகு நான் அவரோடு பேசுவதை விட்டேன். சோறு போடுவேன், சட்டை துவைப்பேன். பேச மாட்டேன். நீங்கள் ஏன் கத்தவில்லை என்ற ஒரே கேள்விதான் எனக்குள் நின்றது. அதையும் கேட்க முடியவில்லை. எங்கள் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் ஆள் உயரத்துக்கு மேல் போகாது. மேலே கூரைத் தகரம்வரை திறந்தவெளிதான். ஒரு வீட்டில் தும்மினால் ஆறாவது வீட்டில் கேட்கும். முதல் வாரம் நான் அழுததற்கு, மறுநாள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். அதோடு அழுகையையும் நிறுத்திக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் வாசற்படியில் நின்று கேட்டார்.

“கடல் பார்த்திருக்கியா?”

நான் தோட்டத்திலேயே பிறந்தவள். இல்லை என்று தலையாட்டினேன்.

“போலாமா? நம்ம ரெண்டு பேரு மட்டும். ஒரு மூணு நாளு.”

நான் களைந்த அரிசியை உலையில் போட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் தேட ஆரம்பித்தார்.

தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு தடவை அவர் மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்குவார். தனியாகப் போக முடியாது. திரிங்காப்பிலிருந்து வரும் காய்கறி லோரிகள், பஸ், தோட்டத்து லோரிகள் எல்லாம் சேர்ந்து, முன்னும் பின்னும் பட்டாள வண்டியோடு வரிசையாகத்தான் போகும். தாப்பாவில் மற்ற டிரைவர்களிடம் விசாரித்து வந்து என்னிடம் சொல்வார்.

முதலில் சொன்னது லூமுட்டில் ஒரு ரெஸ்ட் ஹவுஸ்.

“கடலுக்கு நேரா இருக்காம். சன்னலைத் தொறந்தா தண்ணி.”

“வேலி இருக்கா?” என்று கேட்டேன். மூன்று மாதத்தில் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவர் யோசித்தார். “இருக்கும்னுதான் நெனக்கிறேன். சோல்ஜருங்க வந்து தங்குற இடம்.”

“வேணாம்.”

அடுத்த வாரம் பினாங்கில் கோயிலை ஒட்டிய ஒரு சத்திரத்தைப் பற்றிச் சொன்னார். சுத்தமான இடம், நம்ம ஆளுங்கதான், ஆனால் ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம்.

“நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் படுக்கிறதுக்கு இங்கயே கெடக்கலாம்லா” என்றேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கே என் பேச்சு வெட்கமாக இருந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மூன்றாவது, போர்ட்டிக்சனில் அவருடைய தூரத்துச் சொந்தக்காரர் வீடு. அவர்கள் குழந்தையைப் பற்றிக் கேட்பார்கள் என்று அதையும் வேண்டாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. வேறு பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

மறு மாதம் ஆஸ்பத்திரியில் என்னைக் காட்ட டவுனுக்குப் போனோம். தானா ராத்தாவில் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். ஹோட்டல் என்றால் எனக்கு அதுவரை அவர் கடைதான். எல்லாரும் அவரைப் பாய் என்று கூப்பிடுவோம். பரோட்டாவை எங்கள் முன்னால் வைத்துவிட்டு அவரே பேச்சை எடுத்தார்.

“தம்பி சொன்னாப்ல. பினாங்குல தஞ்சோங் பூங்கா பக்கம் ஒரு சீனப் பொம்பளை ஹோட்டல் நடத்துது. சின்ன எடம், மரவீடு. என் மச்சான் அங்கதான் கட போட்டுருக்கான். தீவுக்குள்ள இங்க மாதிரி கெடுபிடி கெடையாது. வேலி கீலி ஒண்ணுமில்ல. எறங்குனா மணல்.”

நான் குனிந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே கேட்டேன்.

“பாய், அந்த ரூமுல சுவரு கூரை வரைக்கும் போகுமா?”

பாய் என்னைப் பார்த்தார். பிறகு என் புருஷனைப் பார்த்தார். கேலி செய்யவில்லை. தோள் துண்டால் மேசையைத் துடைத்துக்கொண்டே, “எழுதிக் கேக்குறேன் தங்கச்சி” என்றார்.

பத்து நாளில் பதில் வந்தது. சுவர் நல்ல சுவர், கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டு, அறையில் இரண்டு பேர் மட்டும்தான். சரி, அங்கேயே போகலாம் என்றேன். அவர் தோட்டத்து ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணியிடம் கோயில் வேண்டுதல் என்று சொல்லி லீவும் பாஸும் வாங்கினார்.

பஸ்ஸில் தாப்பாவுக்கு இறங்கினோம். வழிக்குக் கட்டுச்சோறு எடுத்துப்போகக் கூடாது என்பதால் வெறுங்கையோடு போனோம். பாதி வழியில் ஒரு வளைவு வந்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வளைவு தாண்டிய பிறகுதான் நிமிர்ந்தார். என்ன என்று நான் கேட்கவில்லை. தாப்பா ரோட் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பிறை ஸ்டேஷனில் இறங்கி, ஃபெரியில் பினாங்குத் தீவுக்குப் போனோம். அங்கேதான் முதன்முதலில் கடலைப் பார்த்தேன். எண்ணெய் மிதந்த, கப்பல்கள் நின்ற கடல். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஹோட்டல்காரம்மா எங்கள் அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டு, “லாக்கி பினி கா?” என்று கேட்டாள். புருஷன் பெண்டாட்டியா என்று. அவர் ஆமாம் என்றார். மாடியில் கடைசி அறையைத் திறந்துவிட்டாள். வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், கண்ணாடி, கடலைப் பார்த்த சன்னல். நான் மேலே பார்த்தேன். பலகைச் சுவர் கூரைக்கு இரண்டு சாண் இருக்கும்போதே நின்றுவிட்டது. காற்று வருவதற்காக விட்டிருக்கிறார்கள். பக்கத்து அறையில் யாரோ ஒரு வயசாளி இருமினார். எங்கள் கட்டிலில் உட்கார்ந்து இருமியது போலக் கேட்டது.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அதை அங்கேயும் அடக்க வேண்டியிருந்தது. அவர் பெட்டியைக் கீழே வைக்காமல், ஏதோ குற்றம் செய்தவர் போல நின்றார்.

“வேற எடம் பார்க்கலாமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

மணி ஆறாகப் போகிறது. பழக்கத்தில், “கேட் மூடிடுவாங்களே” என்றேன்.

“இங்க கேட் ஏது புள்ள?”

பெட்டியை வைத்துவிட்டுக் கீழே இறங்கினோம். உண்மையாகவே யாரும் எங்களை நிறுத்தவில்லை. வீட்டின் பின்பக்கம் மணல்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆட்கள் இல்லாத ஒரு பாறைப் பக்கம்வரை நடந்தோம். அலைச் சத்தத்தில் பக்கத்தில் நடக்கிறவர் மூச்சுகூடக் கேட்கவில்லை. அங்கே வைத்துக் கேட்டேன்.

“அன்னிக்கு ஏன் நீங்க கத்தல?”

எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு உடனே தெரிந்தது.

“காவலுக்கு நின்னவன் துப்பாக்கிய என் நெஞ்சுக்கு நேரா வச்சிருந்தான். முதுகுப் பக்கம் பார்த்த உனக்குத் தெரிஞ்சிருக்காது” என்றார். “கத்தினா சுட்டுருவான்னு நெனச்சேன். என்னைச் சுட்டா உன்னை யாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது? அன்னிக்கு வேலிக்குள்ள லோரி ஓட்டத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.” பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். “இல்ல, இதெல்லாம் பிறகு யோசிச்சது. அப்ப வெறும் பயந்தான். பயந்துட்டேன் புள்ள.”

அதற்குப் பிறகு மற்றதையும் சொன்னார். என் வலிக்கு இரண்டு மாதம் முன்னால், பஸ்ஸில் அவர் குனிந்துகொண்ட அந்த வளைவில் அவர் லோரிக்கு முன்னால் போன லோரியைக் காட்டிலிருந்து சுட்டிருக்கிறார்கள். டிரைவரை வெளியே இழுத்தது இவர்தான். அந்த டிரைவர் இவர் மடியிலேயே செத்திருக்கிறார். அதற்குப் பிறகும் வாரம் இரண்டு முறை அதே வழியில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார். அன்று சட்டையில் இருந்த கறையைப் பற்றிக் கேட்டதற்கு, ஃபேக்டரியில் ஒருத்தனுக்குக் கைவெட்டு என்று என்னிடம் சொன்னது எனக்கு நினைவிருந்தது.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“எங்க வச்சு சொல்றது?” என்றார்.

நான் அழுதேன். யாருக்குக் கேட்குமோ என்றில்லாமல், வாயைப் பொத்தாமல், எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அவரும் அழுதார். ஒரு ஆம்பளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. இருட்டும் முன்னால் நானே கேட்டேன்.

“அவள எங்க வச்சீங்க?”

“வேலிக்கு அந்தப் பக்கம், ஓடைக்கு மேல. மூணு கல்லு வச்சிருக்கேன்.”

“என்னைக் கூட்டிட்டுப் போகணும்.”

“பாஸ் கேக்கணும்.”

“கேளுங்க” என்றேன்.

மூன்று நாளும் அந்த அறையிலேயேதான் இருந்தோம். வேறு இடம் தேடவில்லை. காலையில் அவர் கால்சட்டையை மடித்துவிட்டு முன்னால் போவார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால்வரை தண்ணீரில் நிற்பேன். கரையேறியதும் என்னைப் பாறையில் உட்காரவைத்து, என் காலில் ஒட்டிய மணலைத் தன் துண்டால் துடைத்துவிடுவார். யாராவது பார்ப்பார்கள் என்று முதல் நாள் என் காலை இழுத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் இழுத்துக்கொள்ளவில்லை.

மலைக்குத் திரும்பிய மறுநாளே அவர் ஆபீசுக்குப் போனார். வேலிக்கு வெளியே போக எங்கள் இரண்டு பேருக்கும் பாஸ் வேண்டும் என்றார். பெரிய கிராணி, செத்த பிள்ளைக்கெல்லாம் பாஸ் கிடையாது, போய் வேலையைப் பார் என்றிருக்கிறார். இவர் போகவில்லை. அன்று முழுக்க ஆபீஸ் வாசலிலேயே நின்றார். அவர் இல்லாமல் லோரி கிளம்பவில்லை. மறுநாளும் போய் நின்றார். துரை வெளியே வந்து என்னவென்று விசாரித்து, அரை மணி நேரத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

காலை பத்து மணிக்கு, துணைக்கு ஒரு கான்ஸ்டபிளோடு போனோம். ஓடைக்கு மேலே ஏற்றம் வழுக்கியது. கல் மூன்றும் அப்படியே இருந்தன, புல்தான் மூடியிருந்தது. அவர் உட்கார்ந்து புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார். நானும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பிடுங்கினேன். கான்ஸ்டபிள் சின்ன வயசுக்காரன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவன், ஓடைப் பக்கம் இறங்கிப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். அரை மணி ஆன பிறகும் அவன் எங்களைக் கூப்பிடவில்லை.