தலை வராத இருதலைப்பட்சி

கல்லூரியில் சி என்கிற கணினி மொழி நடத்துகிறேன். கோப்பைப் படிக்கும் நிரல் நின்றுவிட்டால் உடனே ‘முடிந்தது’ என்று முடிவுகட்டாதீர்கள் என்று ஒவ்வொரு வருஷமும் தொண்டை வற்றக் கத்துகிறேன். கோப்பு உண்மையிலேயே முடிந்ததா என்று feof என்ற கட்டளை சொல்லும். படிக்கும்போது கோளாறு ஏற்பட்டதா என்று ferror சொல்லும். இரண்டையும் கேட்க வேண்டும். பிள்ளைகள் காதில் போட்டுக்கொள்வதில்லை. இப்போது நினைத்தால் நானும் கேட்காமலே இருந்திருக்கலாம்.

அண்ணன் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைகளுக்குக் கணினியில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தார். மாசியில் மாரடைப்பில் போய்விட்டார். மகளின் கல்யாணப் புடவை முந்திக்கு, ஓருடலும் இரண்டு தலையுமாக ஓர் இருதலைப்பட்சியைப் போட்டுவந்தது எங்களுக்குத் தெரியும். முடித்தாரா என்று தெரியாது. அவர் பென்டிரைவில் அந்த ஒரு கோப்பை மட்டும் எந்தக் கணினியிலும் திறக்க முடியவில்லை. கணினிக் கடைக்காரரும் கைவிரித்துவிட்டார். அண்ணி அதைக் கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொண்டுவந்தார். தறியில் சேலையின் உடல் பாதி நெய்தாயிற்று, முந்திக்கு இதுதான் வேண்டும் என்றார்.

கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரிசையாகப் படித்துத் திரையில் காட்டும்படி நிரல் எழுதினேன். பறவையின் கால் வந்தது, வால் வந்தது, ஓர் இறக்கை வந்தது. கழுத்து தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டது.

அண்ணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்த மாதிரி டிசைனில் ஒரு பக்கத்துப் பாதியைத்தான் போடுவார்கள். மறுபாதியைத் தறியே திருப்பிப் போட்டுக்கொள்ளும். அந்த வழக்கத்திலேயே ஊறியவர் அவர். “பாதி வந்துக்கினு இருக்குதில்ல, மீதி தானா வந்துடும்மா” என்றார். இடது இருந்தால் வலது வரும், கீழே இருப்பதை வைத்து மேலே வராது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தலை இருந்திருந்தால் இரண்டாகியிருக்கும். அவர் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“அப்போ அவ்ளோதான் போட்டாரா?”

feof பூஜ்யம் என்றது. அதாவது கோப்பு முடியவில்லை. ferror கோளாறு என்றது. clearerr என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்தால் கோளாறையே துடைத்துவிடும் போலிருக்கும். உண்மையில் கோளாறு நடந்தது என்ற அடையாளத்தைத்தான் துடைக்கும். துடைத்துத் துடைத்துப் படித்தேன். அந்த இடத்தைத் தாண்டிப் போயும் படித்துப் பார்த்தேன். ஒரு வரிசைகூட வரவில்லை. அண்ணன் போட்டு முடித்த வரிசையை மட்டுமே சேமிப்பவர். அப்படியென்றால் கோப்பில் கழுத்துக்கு மேலே மிச்சமிருப்பது தலைதான்.

அவ்வளவுதான் போட்டார் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாத்தியார் புத்தி விடவில்லை. போட்டிருக்கிறார், எடுக்கத்தான் முடியவில்லை என்றேன்.

அண்ணி அழவில்லை. தறியை நிறுத்தச் சொல்லிவிட்டார். தறிக்காரர் வேறு டிசைன் காட்டியதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் காலையில் காமாட்சியைக் கும்பிட்டுவிட்டு நேரே என் வீட்டுக்கு வருகிறார், நெற்றியில் குங்குமம் இல்லாமல். கல்யாணம் நெருங்குகிறது. வேறு யாரையாவது தலையை மட்டும் வரையச் சொல்லலாம் அண்ணி என்று நேற்று கெஞ்சிப் பார்த்தேன்.

“முடிஞ்சிருந்தா நானும் விட்டிருப்பேம்மா. இருக்குதுன்னு சொல்லிட்டியே. இன்னொரு வாட்டி பாரு.”

பார்த்தேன். கழுத்தில் வந்து நின்றது.