சென்டர் ஃபார்வர்டுக்குத் தம் இல்லை

போன மாதம் சளி நெஞ்சில் இறங்கி ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் சாமானைக் கொடுத்தார்கள். அதில் மூன்று கூண்டுகள், கூண்டுக்கு ஒரு பந்து, பக்கத்தில் வாய் வைத்து இழுக்க ஒரு குழாய். "தம் புடிச்சி இழுங்க தாத்தா. மூணு பாலும் மேல வரணும்" என்றது நர்ஸ் பெண். எனக்கு முன்னால் இதில் யாராவது வாய் வைத்தார்களா என்று கேட்டேன். புதுசுதான் தாத்தா என்றது. மறுபடியும் கேட்டேன், மறுபடியும் அதையே சொன்னது, அதனால் நம்பினேன். இழுத்தேன். முதல் பந்து ஏறியது. இரண்டாவது பாதி தூரம் வந்து நடுங்கிவிட்டு இறங்கியது. மூன்றாவது அசையவே இல்லை.

"என்னா தாத்தா, தம் இல்லியே" என்று சிரித்தது அந்தப் பெண். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும், டெட்டால் வாசனைக்கு நடுவே, எனக்குப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனை வந்தது.

விருத்தாசலத்தில் ஜங்ஷன் ரோட்டில் கலியபெருமாளின் சைக்கிள் கடை. அறுபதுகளின் கடைசி. நான் அப்போது ரயில்வே சரக்குக் கொட்டகையில் எழுத்தர். வேகனில் வந்து இறங்கும் வெள்ளைக்கல் மூட்டைகளையும், வைக்கோல் சுற்றிப் போகும் பீங்கான் பெட்டிகளையும் எண்ணுவது என் வேலை. வேலை முடிந்த பிறகும் எண்ணுவது நிற்காது. கட்டைவிரல் தானாக விரல் கணுக்களில் ஏறி இறங்கும். என் மனைவி இருந்தவரை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்வாள். பார்க்கிறவர்கள் என்னைச் சாமியார் என்று நினைத்துவிடுவார்களாம்.

கடையில் சாயங்காலம் கூடுகிறவர்களுக்கு ஹாக்கிதான் பேச்சு. எங்கள் பழமலைநாதர் கோயிலில் எல்லாம் ஐந்து: கோபுரம் ஐந்து, பிரகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, தேர் ஐந்து. ஹாக்கியிலும் அந்தக் காலத்தில் முன்வரிசையில் ஐந்து பேர் ஆடுவார்கள். அதனால் இது நம்ம ஊருக்கென்றே சாமி வைத்த ஆட்டம் என்பார் கலியபெருமாள். அப்படியானால் பின்னால் மூன்று ஹாஃப், இரண்டு பேக், ஒரு கோலி எதற்கு என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எங்கள் டீம் ஒரு பீங்கான் கம்பெனியின் டீம். கம்பெனிப் பெயர் வேண்டாம். ஊறுகாய் ஜாடியும் ஃபியூஸ் கட்டையும் செய்தார்கள். டீமில் இடம் கிடைத்தால் கம்பெனியில் வேலை கிடைத்த மாதிரி. அதிலும் சென்டர் ஃபார்வர்டுக்குத் தனி மரியாதை உண்டு, அவனைப் பால் மில்லில் போடுவார்கள். பெரிய இரும்பு உருளை. அதற்குள் பந்து மாதிரி உருண்டைக் கற்களும் வெள்ளைக்கல்லும் போட்டுச் சுற்றவிட்டால் கல் மாவாகிவிடும். மில் ஷிஃப்ட் விடியலில் தொடங்கி இரண்டு மணிக்கே முடிந்துவிடும், மற்றவர்களுக்கு ஐந்தரை ஆகும். சாயங்காலம் திடலில் பயிற்சி எடுக்க வசதி என்றுதான் அந்த ஏற்பாடு. எல்லோரும் அதை ஒரு சலுகை என்றுதான் நினைத்தோம்.

அந்தச் சலுகையில் நான்கு வருஷம் இருந்தவன் சவரிமுத்து. ஆட்டம் தொடங்க நடுவில் இரண்டு பேர் நின்று, மட்டையால் தரையையும் எதிராளி மட்டையையும் மூன்று முறை மாற்றி மாற்றித் தட்டுவார்கள். புல்லி என்று பெயர். மூன்றாவது தட்டு காதில் விழும்போது பந்து சவரிமுத்துவிடம் இருக்கும். அதற்கப்புறம் அவன் முதுகைத்தான் எதிராளி பார்க்க முடியும். ஆனால் நான் சொல்ல வருகிற வருஷத்தில் அவன் முதுகை நாங்கள் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தோம். நாலு எட்டு ஓடுவான், நிற்பான், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்துகொள்வான். பந்து அவனைத் தாண்டி உருண்டு போகும். கழுத்தில் எப்போதும் ஒரு ஈரத்துண்டு. அதுவும் எங்களுக்கு ஒரு பகட்டாகத்தான் தெரிந்தது.

"ஓடமாட்டேங்கிறான் சார்" என்பார் கலியபெருமாள் என்னிடம். "ஒடம்ப காப்பாத்திக்கிறான். தம் இல்ல."

டீமுக்குச் சட்டை தைக்கும் ரஹீம் பாய் மட்டும் அவன் பக்கம். "வேலக்கிப் போயிட்டு வரான்யா. ஒன்ன மாதிரி நெழல்ல ஒக்காந்து பஞ்சரா ஒட்டுறான்?"

"ரெண்டு மணிக்கே வேல முடிஞ்சிடுது பாய். மீதிப் பேரு அஞ்சரைக்கு வந்து ஓடல? சார், நீங்க கணக்கு சொல்லுங்க."

கணக்கு என்னிடம் இருந்தது. பெண்ணாடம் டீமோடு நடந்த ஆட்டத்தில் சவரிமுத்து ஓடியது முதல் பாதியில் பதினொரு ஓட்டம், இடைவேளைக்குப் பிறகு நான்கு. சொன்னேன். கலியபெருமாள் தொடையில் தட்டிக்கொண்டார்.

தம் என்றால் மூச்சு. எங்கள் பக்கத்தில் துணிச்சலுக்கும் அதுதான் பெயர், வேலையில் காட்டும் முனைப்புக்கும் அதுதான், பீடிக்கும் அதுதான். ஒரே சொல்லை நாலு இடத்தில் வைத்துப் புழங்கினோம். சவரிமுத்துவைப் பற்றி எதை வைத்துச் சொன்னோம் என்று யாரும் யாரையும் கேட்டுக்கொண்டதில்லை.

அந்த வருஷம் பெண்ணாடம் சர்க்கரை ஆலை டீமிலிருந்து ஒரு பேச்சு வந்தது, ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்று. அவர்களிடம் ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒரு பேக் இருந்தான், எங்கள் ஊர் மாப்பிள்ளை. மனைவி ஊருக்கே வந்துவிட அவனுக்கு ஆசை. அவனை எங்களுக்கு விட்டுவிட்டு, சவரிமுத்துவுக்குக் கரும்பு எடை போடும் இடத்தில் வேலை தருவார்கள். கடையில் ஒரு வாரம் இதே பேச்சு. பால் மில் ஆட்களுக்குக் கம்பெனி தினம் ஒரு கொட்டைப்பாக்களவு வெல்லம் கொடுக்கும். தின்றால் தொண்டையில் படிந்த தூசியை அடித்துக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. "வெல்லத்துலேருந்து சக்கரைக்குப் போறான், குடுத்து வச்சவன்" என்றார் கலியபெருமாள். பெண்ணாடத்துக்காரர்கள் பழைய ஆட்டத்தை நினைத்துக்கொண்டு, பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்குகிறார்கள் என்பதில் அவருக்கு அளவில்லாத சந்தோஷம்.

ஆனால் அவன் போனால் நடுவில் யார்? அங்கேதான் தங்கராசு வந்தான். திட்டக்குடி ரோட்டில் ஒரு கிராமம். பதினெட்டு வயது, பார்த்தால் பன்னிரண்டு சொல்லலாம். பட்டப் பெயர் அரை டிக்கெட். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கேட்காமலே அரை டிக்கெட் கிழிப்பார். இவன் மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "எனக்குப் பதினெட்டு. முழு டிக்கெட்டு குடுங்க" என்று சண்டை போடுவான். கண்டக்டர் கொடுக்கும்வரை உட்காரமாட்டான். காசை மிச்சம் பிடிக்கச் சண்டை போடுகிறவர்களைத்தான் அதுவரை நான் பார்த்திருந்தேன்.

இந்த உடம்பை வைத்துக்கொண்டு சென்டர் ஃபார்வர்டா என்று கடை இரண்டாகப் பிரிந்தது.

"காத்தடிச்சா கோல் போஸ்ட்ட புடிச்சிக்கிட்டு நிப்பான்" என்றார் கலியபெருமாள்.

"அவனுங்க ஸ்டிக்குக்குக் கீழ பூந்து வந்துடுவான். நீ பாரு" என்றார் பாய்.

பயிற்சி ஆட்டத்தில் அவன் அப்படித்தான் புகுந்து வந்தான். நான் எண்ணியதில் இருபத்து மூன்று ஓட்டம், ஒரு தடவைகூட நின்று மூச்சு வாங்கவில்லை. கலியபெருமாள் பீடியைப் பற்றவைக்க மறந்து, விரலிலேயே வைத்துக்கொண்டிருந்தார். முடிவானது. சவரிமுத்து பெண்ணாடத்துக்கு, நெட்டை மாப்பிள்ளை எங்களுக்கு, நடுவிலும் பால் மில்லிலும் சவரிமுத்துவின் இடம் அரை டிக்கெட்டுக்கு.

தங்கராசுவின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். விதவை, ஒரே பையன். கடை வாசலில் நின்று, பால் மில்லு என்றால் கம்பெனியில் எத்தனை மாடு நிற்கிறது என்று கேட்டாள். யாருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் கடையே உருண்டு சிரித்தது. அவளும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். "தெனம் ஒரு டம்ளராச்சும் குடிக்கக் குடுப்பாங்க இல்ல? புள்ளைக்கு ஒடம்பு ஏறணும்" என்றாள். கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

சவரிமுத்து கிளம்புகிற அன்று தங்கராசுவைத் தேடிக் கடைக்கு வந்தான். கழுத்துத் துண்டை எடுத்துக் கொடுத்தான். "தெனம் நனச்சி மூக்கையும் வாயையும் கட்டிக்க. காஞ்சா மறுபடி நனச்சிக்க. வேர்க்குதுன்னு அவுத்துடாத."

"ஸ்டிக்க குடுப்பான்னு பாத்தா கோமணத்த குடுக்குறான்யா" என்றார் கலியபெருமாள். சவரிமுத்துவும் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் முடிய நேரமானது. நாங்கள் அதற்குள் வேறு பேச்சுக்குப் போயிருந்தோம்.

பத்து நாள் இருக்கும். சவரிமுத்து பெட்டியோடு திரும்பி வந்துவிட்டான் என்று செய்தி. வேலையில் சேருமுன் ஆலை டாக்டர் சோதித்துப் பார்த்து, சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். என்ன சொன்னாராம் என்று விசாரித்து வரக் கலியபெருமாள் ஆள் அனுப்பினார். செய்தி ஒரே வரியில் வந்தது: ஆளுக்குத் தம் இல்லையாம்.

கடை கைதட்டிச் சிரித்தது. இந்த வருஷம் முழுக்கச் சொல்லி வந்ததை டாக்டரே ஒப்புக்கொண்டுவிட்டார், அவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கண்டுபிடித்தது நமக்கு மட்டையைப் பார்த்தே தெரிந்தது, இப்படியெல்லாம். பாய் ஒருவர்தான் சிரிக்கவில்லை. அப்போது சவரிமுத்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான், பின் டயர் பஞ்சர். எவ்வளவு காதில் விழுந்தது என்று தெரியாது. கலியபெருமாள் சிரிப்பை அடக்காமலே கேட்டார்.

"என்னாப்பா, தம் இல்லன்னுட்டாராமே டாக்டரு?"

"ஆமாண்ணே. அதான் சொன்னாரு" என்றான் சவரிமுத்து. பலகையில் மெதுவாக உட்கார்ந்தான். பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கும்போது, "அந்தப் பையன் துண்டு கட்டிக்கிறானா?" என்று கேட்டான். கேட்டது கலியபெருமாளை இல்லை, என்னை.

எனக்குத் தெரியவில்லை. நான் எண்ணாத விஷயம் அது.

அவனுக்கு ஆலையிலும் வேலை இல்லை, கம்பெனியிலும் இடம் நிரம்பிவிட்டது. தினமும் இரண்டு மணிக்குக் கம்பெனி கேட்டில் வந்து நிற்பான். முடியிலிருந்து கால்வரை மாவு பூசிக்கொண்டு தங்கராசு வெளியே வருவான். கட்டினியா என்று சவரிமுத்து கேட்பான். கட்டுறேண்ணே என்பான் இவன். திடலில் தங்கராசு சட்டை மாற்றும்போது நான் அவன் பையைப் பார்த்திருக்கிறேன். துண்டு மடித்தபடி இருக்கும். தொட்டுப் பார்த்தால் உலர்ந்திருக்கும். மில்லில் கட்டிக்கொண்டு நின்றால் கொள்ளைக்காரன் என்று கேலி செய்கிறார்களாம். ஏற்கெனவே ஒரு பட்டப் பெயர் போதாதா என்றான்.

அடுத்த மாசி மகத்துக்குச் சவரிமுத்து இல்லை. காச நோய் என்று ஊரில் சொன்னார்கள். கல்லறைக்குக் கடையிலிருந்து நாங்கள் ஆறு பேர் போனோம். மரியாதைக்கு மட்டையை வைக்கலாம் என்று கலியபெருமாள் எடுத்து வந்திருந்தார். வைக்காமலே திருப்பி எடுத்து வந்தார்.

தங்கராசு இரண்டு வருஷம் ஆடினான். அப்படி ஒரு ஆட்டத்தை அந்தத் திடல் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அவனைச் சின்ன ஆள் என்று சொன்னதே இல்லை என்று கலியபெருமாள் சாதித்தார். எழுபதுகள் பிறந்துவிட்டன. நான் எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். இருபத்து மூன்று பத்தொன்பதாயிற்று. பத்தொன்பது பதினான்காயிற்று. இந்தத் தடவை கணக்கைக் கடையில் சொல்லவில்லை, பாயிடம் மட்டும் சொன்னேன். பாய் அன்றைக்கே கம்பெனிக்குப் போய், பையனைப் பெட்டி கட்டும் பக்கம் மாற்றச் சொல்லிக் கேட்டார். மில் வேலை என்பது டீமுக்குச் செய்கிற சலுகை, அதை எடுத்தால் பையன் வருத்தப்படுவான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பையனிடமும் சொன்னார். அந்த இடத்தை விட்டால் நடுவில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் பாய் என்றான் அவன்.

பிறகு பெண்ணாடத்தோடு ஒரு ஆட்டம். இடைவேளை முடிந்து புல்லி. மூன்றாவது தட்டில் பந்து தங்கராசுவிடம். நாலு எட்டு ஓடினான். நின்றான். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தான். பந்து அவனைத் தாண்டி உருண்டு போனது.

திட்டக்குடியிலிருந்து புதிதாக வர ஆரம்பித்திருந்த ஒரு இளவட்டம் எங்களோடு நின்றிருந்தான். "அரை டிக்கெட்டுக்குத் தம் இல்லடோய்" என்று கத்திவிட்டு, சிரிப்போம் என்று எங்கள் முகத்தைப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. கலியபெருமாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆட்டம் முடியுமுன்பே போய்விட்டார். அப்புறம் அவர் கடையில் ஹாக்கி பேச விடவில்லை.

அந்தத் திடலில் இப்போது வீடுகள். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று, ஒன்று கட்டிமுடியவில்லை. கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். ஹாக்கியில் புல்லியை எடுத்துவிட்டார்கள், ஐந்து பேர் முன்வரிசையும் போய்விட்டது, ஆட்டத்தையே பச்சைப் பாய் விரித்துத்தான் ஆடுகிறார்கள், தூசி இல்லை. கலியபெருமாள் இல்லை, பாய் இல்லை. பஸ்ஸில் அந்தச் சாணிக் காகித டிக்கெட்டும் இல்லை.

அந்த டிக்கெட்டைத்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும். பெண்ணாடம் ஆட்டத்துக்கு அடுத்த வருஷம் ஒரு முற்பகல், சேத்தியாத்தோப்புக்குப் போக பஸ் ஏறினேன். முன் சீட்டில் தங்கராசுவும் அவன் அம்மாவும். சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாளாம். கண்டக்டர் புது ஆள். அம்மாவுக்கு முழு டிக்கெட் கிழித்தார். ஜன்னலோரம் சாய்ந்திருந்தவனை ஒரு தடவை பார்த்தார், கேட்காமலே அரை டிக்கெட் கிழித்தார். தங்கராசு தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். வாய் திறந்தது. நான் காத்துக்கொண்டிருந்தேன். அம்மா அவன் முகத்தையே பார்த்தாள், அவளும் காத்துக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

கையை நீட்டி டிக்கெட்டை வாங்கிக்கொண்டான்.