நஸீரா கடலில் இறங்கிய கிறிஸ்துமஸ்

சர்க்கீஸுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் பனிதான். மலையூரான ஹஸ்ரூனில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவனுக்கு அது வேறு என்னவாக இருக்க முடியும்? ஊர் பூசைக்குக் கிளம்பும் நேரத்தில் அவன் மலைச் சாலையில் இருப்பான். பூசைக்குப் போக ஊருக்கு வழி வேண்டுமே. வீட்டில் அவனுக்கென்று ஒரு தட்டை மூடி வைத்திருப்பார்கள். அவன் வந்து அதைத் திறக்கும்போது பிள்ளைகள் தூங்கிப்போயிருப்பார்கள். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது. மகன் தன்னூஸுக்கு மீசை வந்துவிட்டது, மகள் தக்லா கல்லூரிக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

அந்த வருஷம் நவம்பர் கடைசியில் ஒருநாள், கொண்டைக்கடலைக்குத் தோல் நீக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி நஸீரா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"இந்தக் கிறிஸ்துமஸுக்கு அன்ஃபே போறோம். அண்ணன் வீட்டுக்கு."

"சரி, போயிட்டு வாங்க" என்றான் சர்க்கீஸ்.

"போறோம்னு சொன்னேன். நீயும் சேர்த்துத்தான்."

"பனி விழுந்தா?"

"விழட்டும். வருஷா வருஷம்தான் விழுது. நீ தள்ளித் தள்ளி அது நின்னுடுச்சா என்ன?"

அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளோ மறுவாரமே ஒரு தட்டு நிறையக் கிப்பே பொரித்து எடுத்துக்கொண்டு சாலை அலுவலகத்துக்குப் போய்விட்டாள். கோதுமையும் கறியும் இடித்து அவள் செய்யும் கிப்பேக்கு அந்த வட்டாரத்தில் மறுப்புச் சொன்னவர் கிடையாது. தட்டு பாதி காலியானதும் அதிகாரி சர்க்கீஸின் லீவுக்குச் சரியென்று தலையாட்டினார். மிச்சமிருந்தவன் இரண்டாவது ஓட்டுநர் ஜிர்ஜிஸ்.

"ஜிர்ஜிஸ், நீ கல்யாணமாகாதவன். பண்டிகையன்னிக்கு உன்னைக் காணோம்னு கண்ணு கலங்க வீட்டுல யாரு இருக்கா?"

"அக்கா, இதையே சொல்லிச் சொல்லித்தான் எல்லாரும் எல்லா வேலையையும் என் தலையில கட்டுறாங்க. இப்படியே போனா நான் எப்ப பொண்ணு பாக்குறது?"

"பொண்ணு நான் பாக்குறேன். நீ இந்தப் பண்டிகையை மட்டும் எனக்கு விட்டுக்குடு."

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். அடுத்த கோடையிலேயே அவனுக்குக் கல்யாணம் நடந்தது. அது வேறு கதை.

நஸீரா அன்ஃபேக்காரி. கடலுக்குள் விரல் போல நீண்டு கிடக்கும் பாறைமேல் அவளுடைய அப்பாவுக்கு உப்பளம் இருந்தது. சாலையில் பனி உறையாமல் இருக்கத் தூவும் உப்பை ஏற்றிப்போக லாரியோடு இறங்கி வந்த சர்க்கீஸ் அங்கேதான் அவளை முதன்முதலில் பார்த்தான். முட்டிவரை ரப்பர் பூட்ஸ், கையில் மண்வெட்டி, தலையில் அண்ணனின் தொப்பி. அவன் மூட்டையைத் தூக்கிய விதத்தைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "மலைக்காரா, அது உப்பு, கைக்குழந்தை இல்லை. தோளில போடு." அந்த வருஷம் ஹஸ்ரூன் சாலைக்கு வழக்கத்தைவிட அதிகமான உப்பு தேவைப்பட்டது. எல்லாவற்றையும் சர்க்கீஸே போய் ஏற்றி வந்தான்.

மலைக்கு வந்தபின் அவள் மலைக்காரியாகவே மாறிவிட்டாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். ஆப்பிள் பறித்தாள், அடுப்புக்கு விறகு பிளந்தாள். பனி மூடிய நாட்களில் முழங்கால் புதையப் புதைய நடந்துபோய்த் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு ரொட்டி கொடுத்து வந்தாள். மாமியார் படுக்கையில் விழுந்தபோது முகம் சுளிக்காமல் கடைசிவரை பார்த்தாள். கோடையில் அன்ஃபே போனாலும் ஒரு பகல்தான், அதுவும் அண்ணியோடு சமையலறையில் கழிந்துவிடும். கடலைப் பற்றி அவள் பேசிக் கேட்டதில்லை. அவனும் கேட்டதில்லை.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் நான்கு பேரும் காரில் கீழே இறங்கினார்கள். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிற இதமான வெயில். அண்ணன் நிகூலாவின் வீடு கரையோரம், ஆரஞ்சு மரங்களுக்கு நடுவில் இருந்தது. அவருடைய பிள்ளைகள் இருவரும் ஆஸ்திரேலியாவில். ஆளில்லாத வீட்டில் ஆள் வந்த சந்தோஷத்தில் அவரும் மனைவி யூஜெனியும் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார்கள். யூஜெனி கிறிஸ்துமஸ் குடிலில் மாதாவுக்குப் பக்கத்தில், பண்டிகை வழக்கப்படி முளைக்கவிட்ட கோதுமையை வைத்தாள், பிறகு எடுத்தாள், பிறகு மறுபடியும் வைத்தாள்.

"மாப்ளே, உன்னை நாளைக்கு மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் நிகூலா.

"எனக்கு நீச்சல் தெரியாது மச்சான்."

"மீனுக்குத்தான் தெரியணும். உனக்கு எதுக்கு?"

மறுநாள் மதியம் நிகூலாவின் சின்னப் படகில் போனார்கள். சர்க்கீஸ் பலகையை இரு கையாலும் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். ஒரு தூண்டிலைக்கூடத் தொடவில்லை. தன்னூஸுக்கு வாந்தி. ஆனாலும் ஒரு கூடை மீன் கிடைத்தது. திரும்பி வந்தபோது மாலைப் பூசைக்கு மணி அடித்துவிட்டது. படகைக் கரையேற்ற நேரமில்லாமல் வீட்டுக்குக் கீழே பாறைகளுக்கு நடுவில் இருந்த சின்னக் குடாவிலேயே கட்டிவிட்டு ஓடினார் நிகூலா. "காலைல இழுத்துக்கலாம். பாலன் பிறக்கிற ராத்திரி கடலும் சும்மாதான் கிடக்கும்."

விருந்து ஜோராக நடந்தது. வெங்காயத்தைக் கருக வதக்கிய மீன் சோறு, அரிசி அடைத்த திராட்சை இலைச் சுருள்கள், சோம்பும் பட்டையும் போட்ட அரிசிமாவுப் பாயசம், தண்ணீர் கலந்ததும் பாலாய் வெளுத்த அராக் சாராயம். சர்க்கீஸ் மட்டும் ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். மேகம் உச்சியை விழுங்கியிருந்தது. மெல்ல எழுந்து ஜிர்ஜிஸுக்குப் போன் போட்டான். பின்னாலிருந்து நீண்ட கை போனை வாங்கிக்கொண்டது.

"ஜிர்ஜிஸ், சாப்பிட்டியா? நல்லது. இவன் மறுபடி கூப்பிட்டா எடுக்காதே" என்று சொல்லி வைத்தாள் நஸீரா. "வா, சோறு ஆறுது. இன்னிக்கு உன் தட்டை யாரும் மூடி வைக்கலை, எல்லாரோடயும் சேர்ந்து சாப்பிடு."

அவன் வந்து உட்கார்ந்து சாப்பிட்டான். தக்லா அவன் தோளில் சாய்ந்துகொண்டு, "அப்பா, உனக்கு மீன் முள்ளு எடுக்கவே தெரியலை" என்று எடுத்துக் கொடுத்தாள். அவன் முள் சிக்கிக்கொண்டது என்று சொல்லித் தண்ணீர் குடித்தான்.

கிறிஸ்துமஸ் காலையில் காற்று எழுந்தது. மழை இல்லை, ஆனால் தெற்கிலிருந்து வந்த அலைகள் குடாவின் வாயில் புரண்டன. படகைப் பார்க்கப் போன நிகூலாவைக் காணோமே என்று வாசலுக்கு வந்த யூஜெனி வீறிட்டாள். எல்லாரும் கீழே ஓடினார்கள்.

கட்டியிருந்த கயிறு பாறையில் தேய்ந்து அறுந்திருந்தது. படகு நகர்வதைப் பார்த்து நிகூலா அதற்குள் தாவியிருக்கிறார். ஈரப் பலகையில் கால் வழுக்கி விழுந்ததில் ஒரு கை முறிந்துவிட்டது. மோட்டாரை இழுத்துக் கிளப்பவோ துடுப்புப் போடவோ மிஞ்சிய ஒரு கை போதவில்லை. குடாவைத் தாண்டிவிட்ட படகு, அலை வெள்ளையாக உடையும் முனைப் பாறையை நோக்கிப் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது.

"குதிச்சு வாங்க மாமா!" என்று கத்தினான் தன்னூஸ்.

"ஒத்தைக் கையோட எங்கடா நீந்துறது!" என்று பதில் வந்தது. அந்த நிலையிலும் அவருக்குக் கோபம்தான் வந்தது.

யூஜெனி துறைமுகத்தில் ஆள் கூப்பிட ஓடினாள். ஆள் வந்து, வேறு படகு எடுத்து, முனையைச் சுற்றி வருவதற்குள் என்ன ஆகும் என்பது சர்க்கீஸுக்குக்கூடப் புரிந்தது. அவன் பூட்ஸைக் கழற்றத் தொடங்கினான். நீச்சல் தெரியாது என்பது மறந்துபோனது.

"நீ எங்க போறே?" என்றாள் நஸீரா. அவள் ஏற்கெனவே ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, படகுக் கொட்டகையிலிருந்து ஒரு நீளக் கயிற்றுச் சுருளை எடுத்து வந்திருந்தாள். ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டினாள். மறுமுனையை அவன் கையில் திணித்தாள்.

"நான் போகப் போக விட்டுக்கிட்டே இரு. நான் கையைத் தூக்கினா இழு. தூக்காம இழுத்தே, உன்னைத் தொலைச்சிடுவேன்."

"நஸீரா, வேணாம்—"

"தன்னூஸ், அப்பாவோட பெல்ட்டைப் பின்னாலேருந்து பிடிச்சுக்கோ."

அவள் உடனே குதிக்கவில்லை. பாறை விளிம்பில் நின்று அலைகளைப் பார்த்தாள். அடுப்பில் கொதிப்பதைப் பார்ப்பது மாதிரி அவ்வளவு நிதானம். பெரிய அலைகள் வந்து அடங்கிய இடைவெளியில் பின்வாங்கும் தண்ணீரோடு சறுக்கி உள்ளே போனாள். அந்தத் தண்ணீரே அவளை வெளியே கொண்டுபோய்விட்டது.

சர்க்கீஸ் தன் வாழ்நாளில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வீட்டில் மூட்டு வலி என்று மாடிப்படியில் நின்று நின்று ஏறுகிறவள். தண்ணீரில் அவளுக்கு வயதே தெரியவில்லை. அலை உயர்ந்து வந்தபோது அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள், அலை தாண்டியபின் அந்தப் பக்கம் வந்தாள். அவசரமே இல்லை. கயிறு அவன் விரல்களுக்கிடையில் நழுவிப் போய்க்கொண்டே இருந்தது. ஒருமுறை அவள் தலை வெகுநேரம் தெரியவில்லை. இழுத்துவிட வேண்டும் என்று அவன் உடம்பு முழுவதும் துடித்தது.

"அப்பா, இழுக்காதே! அம்மா கை தூக்கலை!" என்று தக்லா அழுதாள்.

அவன் இழுக்கவில்லை. பனிச்சரிவில் வண்டி விளிம்பில் நின்றபோதுகூட அவன் இவ்வளவு பயந்ததில்லை. அங்கே குறைந்தபட்சம் ஸ்டியரிங் அவன் கையில் இருக்கும்.

தலை தெரிந்தது, படகுக்குப் பக்கத்தில். நிகூலா நல்ல கையை நீட்டினார். அவள் அதைத் தட்டிவிட்டுப் படகின் மூக்குக்குப் போனாள். இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அங்கிருந்த வளையத்தில் முடிந்தாள். பிறகு படகுக்குள் ஏறிக் கையை உயர்த்தினாள்.

அப்பாவும் மகனும் மகளும் இழுத்தார்கள். பாதியில் துறைமுகத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர் ஓடி வந்து சேர்ந்துகொண்டார்கள். படகு முனைப் பாறையை ஒட்டினாற்போல் திரும்பிக் குடாவுக்குள் வந்தது. நஸீரா துடுப்பால் பாறையைத் தள்ளியபடியே அண்ணனைத் திட்டிக்கொண்டு வந்தாள். "கடல் சும்மா கிடக்குமா? எந்தக் காலத்துல கிடந்துச்சு? அப்பா இருந்திருந்தா இன்னிக்கு உனக்கு இன்னொரு கையும் உடைஞ்சிருக்கும்."

"பண்டிகையும் அதுவுமா திட்டாதேடி" என்று முனகினார் நிகூலா.

சர்க்கீஸின் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. கயிற்றை இன்னும் விடவில்லை. யாரோ அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

மருத்துவமனைக்குப் போய் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு நிகூலா திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. மதிய விருந்தை மாலையில் சாப்பிட்டார்கள். விஷயம் கேள்விப்பட்டு ஊரில் பாதிப் பேர் வந்து போனார்கள். நஸீரா போர்வைக்குள் சுருண்டு, தலையில் துண்டோடு ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். பாராட்டுகிறவர்களிடம், "மாவுக்கட்டுப் போட்ட கையோட இனிமே அண்ணன் ஒரு தட்டுகூடக் கழுவமாட்டாரு, பாவம் அண்ணி" என்று பேச்சை மாற்றினாள்.

கூட்டம் கலைந்ததும் சர்க்கீஸ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

"இவ்வளவு வருஷத்துல ஒரு தடவைகூட நீ சொல்லலையே."

"எதை?"

"இப்படி நீந்துவேன்னு."

"ஹஸ்ரூன்ல எங்க நீந்துறது? அண்டாவிலயா?"

அவன் சிரிக்கவில்லை. "உன் தலை தெரியாமப் போச்சே, அப்போ எனக்கு உயிரே இல்லை நஸீரா."

அவள் ஒரு சுளையை அவன் வாயில் வைத்தாள். "ம்" என்றாள். "புயல்ல உன் வண்டி விளக்கு வளைவுல தெரியுற வரைக்கும் எனக்கும் அப்படித்தான்." குரலில் குறை எதுவும் இல்லை. சும்மா சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த ஆரஞ்சை எடுத்தாள்.

அந்த விளக்கைப் பற்றி அவன் ஒருநாளும் யோசித்ததில்லை.

மலையில் பனி விழுந்துதான் இருந்தது. ஜிர்ஜிஸ் தள்ளினான். ஒரு வளைவில் ஆப்பிள் தோட்டத்து வேலி ஒன்றையும் சேர்த்துத் தள்ளிவிட்டானாம். ஊர் அதைச் சொல்லிச் சிரித்ததே தவிர, யாரும் பட்டினி கிடக்கவில்லை, எந்தப் பூசையும் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் ரொட்டி வாங்க சர்க்கீஸ் தனியாகக் கிளம்பினான். அடுப்புக்கு முன்னால் நின்ற ரொட்டிக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊருக்குப் புதுசா? யாரு நீங்க?"

ஹஸ்ரூனில் யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை. "நஸீராவோட வீட்டுக்காரன்" என்றான்.

"எந்த நஸீரா? உப்பளத்து நஸீராவா?" ரொட்டிக்காரர் ரொட்டி எடுக்கும் நீளத் துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "உட்காரு தம்பி, உட்காரு. நீச்சல் பந்தயத்துல அவ எங்க எல்லாரையும் தோக்கடிச்ச கதையை உனக்கு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

"இல்லையே" என்று சர்க்கீஸ் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தான். வீட்டில் எல்லாரும் பசியோடு ரொட்டிக்குக் காத்திருந்தார்கள். அவன் கதை முடியும்வரை எழுந்திருக்கவில்லை.